இயற்கையைக் காப்போருக்கு ஊக்கத்தொகை: கேள்வி பதில்

கேள்வி: காட்டை அழித்தால் தண்டனை என்று சட்டம் இருக்கும்போது, அழிக்காமல் இருப்பதற்குப் பணம் ஏன்?

பதில்: தண்டனை ஒரு செயலைத் தடுக்கலாம்; அக்கறையோடு பராமரிக்க வைக்காது. ஒருவர் நிலத்தில் மரம் நிற்பதால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள அனைவரும் பயன்பெற, வெட்டாமல் விடும் இழப்பை அவர் மட்டுமே சுமக்கிறார். சட்டம் தனித்து நின்றால் எதிர்விளைவும் நேரும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தால் தம் நிலத்தின் மீது கட்டுப்பாடு வந்துவிடும் என்று அஞ்சிய உரிமையாளர் சிலர், அரிய மரங்கொத்தி ஒன்று கூடமைக்கும் அளவுக்கு பைன் மரங்கள் முதிர்வதற்கு முன்பே அவற்றை வெட்டிவிட்டனர். பறவை பெருகினாலும் புதிய கட்டுப்பாடு வராது என்று உறுதியளிக்கும் ஒப்பந்த முறை, 1995இல் வட கரோலினாவில் அதே பறவைக்காகத் தொடங்கப்பட்டது. அச்சத்தை நீக்குவதும் ஊக்கம்தான்.

கேள்வி: அப்படியானால் சட்டத்தடையே வேண்டாமா?

பதில்: வேண்டும். கோஸ்டா ரிக்காவின் 1996ஆம் ஆண்டு வனச் சட்டம், இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடைசெய்ததோடு, காட்டைப் பேணும் உரிமையாளருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் வழங்கவும் வழிசெய்தது. தடை இல்லாத இடத்தில் கொடுக்கும் தொகை, அழிப்பேன் என்று மிரட்டுபவருக்குத் தரும் கப்பமாகிவிடும்.

கேள்வி: எப்படியும் வெட்டியிருக்க மாட்டாதவருக்கே பணம் போகிறதே?

பதில்: இத்திட்டங்களின் மிகப் பெரிய பலவீனம் இதுவே. விண்ணப்பத்தை மட்டும் நம்பினால், எதற்கும் உதவாத செங்குத்துச் சரிவுகளே முதலில் வந்து சேரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001இல் ஏல முறையைச் சோதித்தது: உரிமையாளர்கள் தாம் செய்யவிருக்கும் பணியையும் கேட்கும் தொகையையும் மூடிய உறையில் தெரிவிக்க, செலவிடும் பணத்துக்கு அதிக இயற்கைப் பயன் தரும் நிலங்கள் தேர்வாயின. அழிவின் அபாயம் மிகுந்த நிலத்துக்கு முன்னுரிமை தருவதையும் இதனுடன் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்த பிறகு?

பதில்: பல இடங்களில் உழவு திரும்பிவிடுகிறது. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய நில ஒதுக்கீட்டுத் திட்டம், அரிப்புக்கு உள்ளாகும் வயல்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் புல்லாகவோ மரமாகவோ வைத்திருக்க வாடகை தருகிறது. தானிய விலை ஏறிய ஆண்டுகளில் பலர் புதுப்பிக்காமல் மீண்டும் பயிரிட்டனர். ஆகவே, வாடகை விளைபொருள் விலையோடு சேர்ந்து நகர வேண்டும். மிக முக்கியமான நிலங்களில், இனி என்றுமே உழுவதில்லை என்பது போன்ற நிரந்தரப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டை உரிமையாளரிடமிருந்து ஒரே தவணையில் விலைக்கு வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: நிலப்பத்திரம் இல்லாத மக்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?

பதில்: தனிநபர் நில உரிமையை மட்டும் கணக்கில் கொண்டால் ஒன்றுமே கிடைக்காது, தலைமுறைகளாகக் காட்டைக் காத்தவர்களே விடுபடுவர். நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொதுநிலங்களில் வாழும் சமூகங்கள் காப்பகங்களை அமைத்துக்கொள்ளவும், அங்குள்ள வனவிலங்குகளால் வரும் வருவாயைத் தாமே வைத்துக்கொள்ளவும் உரிமை வழங்கியது. பட்டாவுக்காகக் காத்திராமல், இவ்வாறு சமூகத்தோடு கூட்டாகவே ஒப்பந்தம் செய்யலாம்.