ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெலடோனின் உதவுமா?

கேள்வி: வயது 46. ஃபைப்ரோமயால்ஜியாவுக்காக (உடம்பெங்கும் நீடிக்கும் வலியும் அசதியும்) இரவில் நரம்பு வலி மருந்தான ப்ரீகாபாலின் 75 மி.கி. சாப்பிடுகிறேன். எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மெலடோனின் 10 மி.கி. எடுக்கலாமா? இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்கிறாள் தங்கை.

பதில்: எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ப்ரீகாபாலினை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தூக்கம் கெடும், குமட்டல், பதற்றம், வியர்வை வரும். உங்கள் காலை மந்தத்தில் அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம்தான். அளவையோ நேரத்தையோ மாற்றுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்தான் மெலடோனின். ஃபைப்ரோமயால்ஜியாவில் வலியைத் தணிக்கும் மூளையின் சொந்த ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது. தூக்கம் கெட்டால் இன்னும் தளர்கிறது. 2014இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் 63 பெண்களை மூன்று பிரிவாக்கி, அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் வலிக்கும் தரும் மருந்து) 25 மி.கி., மெலடோனின் 10 மி.கி., இரண்டும் சேர்த்து என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். மெலடோனின் எடுத்த இரு பிரிவுகளிலும் வலி கூடுதலாகக் குறைந்தது, அந்தத் தணிப்பு ஏற்பாடும் மேம்பட்டது. நல்ல சேதிதான். ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை மட்டும் பெற்ற பிரிவு அதில் இல்லை, ஆட்களும் குறைவு. இதை நம்பி மற்ற சிகிச்சையைக் கைவிட முடியாது.

எடுத்த எடுப்பில் 10 மி.கி. வேண்டாம். 2 அல்லது 3 மி.கி. போதும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. மாத்திரையைப் போட்டுவிட்டு பளீரென்ற விளக்கடியில் போன் பார்த்தால் பாதிப் பலன் போச்சு. அளவு கூடினால் மறுநாள் மந்தம், தலைவலி, விசித்திரக் கனவுகள் வரலாம். ப்ரீகாபாலினோடு சேரும்போது தூக்கக் கலக்கம் கூடும் என்பதால், பழகும்வரை காலையில் வண்டி ஓட்ட வேண்டாம்.

தங்கை சொன்ன 'இயற்கை' விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். லேபிளில் இருந்ததைவிட 83% குறைவாக இருந்தவையும் உண்டு, 478% அதிகமாக இருந்தவையும் உண்டு. கால்வாசிக்கு மேற்பட்டவற்றில் செரட்டோனின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளும் கலந்திருந்தது! ஆகவே ஆன்லைனில் கிடைக்கும் மிட்டாய் வடிவங்களைத் தவிர்த்து, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்குங்கள். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு மெலடோனின் கூடவே கூடாது. ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்து, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக் கூடாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி என்கிறீர்கள். குறட்டை விடுகிறீர்களா? இரவில் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு இவற்றைப் பார்க்காமல் மெலடோனின் போடுவதில் அர்த்தமில்லை. அப்புறம், நடை. 2017இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் வெளியிட்ட பரிந்துரையில் உடற்பயிற்சி ஒன்றுக்குத்தான் உறுதியான ஆதரவு கிடைத்தது. பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

தினமும் வலிக்கும் தூக்கத்துக்கும் பத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள். ஆறு வாரத்தில் எண்கள் அசையவில்லை என்றால் மெலடோனினை விட்டுவிடலாம், அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.