5 அடி உயரம், அகலமான இடுப்பு: எந்த முகூர்த்தப் பட்டு?

பார்டரை 4 அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பார்டரும் புடவையின் உடல் பகுதியும் ஒரே நிறத்தில், அல்லது நெருங்கிய நிறத்தில் இருக்கட்டும். கடையில் கட்டிப் பார்த்த 10 அங்குல பார்டர் காஞ்சிபுரம் குள்ளமாகக் காட்டியது என்கிறீர்கள். வேறு நிறப் பட்டை காலடியில் குறுக்கே ஓடினால் அப்படித்தான் தெரியும்.

இடுப்பு பருத்துத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மேல்பக்க பார்டர். புடவையின் அகலம் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும்; உங்கள் உயரத்துக்கு இடுப்பிலிருந்து தரை வரை 38 அங்குலம் வந்தாலே அதிகம். மீதியைப் பாவாடைக்குள் சொருகும்போது விறைப்பான ஜரிகையும் சேர்ந்து உள்ளே போய் உப்பிக்கொள்கிறது. மேல்பக்கம் பார்டர் இல்லாத, அல்லது ஓர் அங்குலமே உள்ள புடவையாகக் கேளுங்கள். சுருக்கு வைத்த பருத்திப் பாவாடையும் வேண்டாம், அதுவும் இடுப்பில்தான் திரளும்.

வாங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிப் பாருங்கள். மணவறையில் வெறுங்கால்தானே, ஹீல்ஸை நம்பிப் பயனில்லை! 8 அடி தள்ளி நின்று ஒருவர் போட்டோ எடுக்கட்டும், பக்கவாட்டிலும் ஒன்று. அப்புறம் தரையில் உட்கார்ந்து ஒன்று. முகூர்த்தப் படங்கள் பாதி அப்படித்தான் வரும்.

இதெல்லாம் ஆறு கஜத்துக்கு மட்டும். உங்கள் வீட்டில் மடிசார் என்றால் கட்டே வேறு, இந்தக் கணக்கு பொருந்தாது.