ஃபெரெட் கவச வண்டியைச் சீர்செய்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெய்ம்லர் ஃபெரெட் பிரிட்டன் ராணுவத்தின் சிறிய நான்கு சக்கர உளவு வண்டி. கவென்ட்ரி நகரில் 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் தயாராயின. இந்திய, இலங்கை ராணுவங்களும் இதை வைத்திருந்தன. ராணுவம் கழித்துவிட்ட ஃபெரெட்டை வாங்கிச் சீர்செய்து ஓட்டுவது பிரிட்டனில் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் அங்குள்ள வாசகர்களிடமிருந்தே.

கேள்வி: மார்க் 1, மார்க் 2 இரண்டுமே விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்? நேரில் போய் எதைப் பார்க்க வேண்டும்?
– ஹாரோ வாசகர்

பதில்: மார்க் 1 மேலே திறந்த வண்டி, எடை சுமார் 3.7 டன். மார்க் 2-வில் சுழலும் கோபுரம் உண்டு, எடை சுமார் 4.4 டன். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான்: ஆறு சிலிண்டர், 4.26 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் பி60 பெட்ரோல் எஞ்சின், அதன் பின்னால் எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்தும் ஃப்ளூயிட் ஃப்ளைவீல், அடுத்து கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் ஐந்து கியர் ப்ரீசெலக்டர் கியர்பாக்ஸ். எனவே மாடலைவிட, எது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். திறந்த மார்க் 1 தார்பாயின் கீழ் வெளியில் நின்றிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும்.

பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கவசத் தகடு 6 முதல் 16 மில்லிமீட்டர் கனம். அது துருப்பிடித்து ஓட்டை விழாது. கெட்டுப்போவது எண்ணெய் இருக்கும் இடங்களும் ரப்பர் இருக்கும் இடங்களும்தான். ஒரு பழைய படுக்கை விரிப்பு, ஸ்பேனர், நான்கு கண்ணாடிப் புட்டிகள் கொண்டுபோங்கள். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நான்கு பெவல் பெட்டிகளின் வடிகால் பிளக்கையும் சற்றே தளர்த்தி, ஒவ்வொன்றிலிருந்தும் 50 மில்லி எண்ணெய் பிடியுங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல நைசான உலோகத் தூள் பழைய பெட்டியில் இருக்கக்கூடியதே, மின்னும் செதில் வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

எஞ்சின் ஓடினால் ஐந்து கியரையும் முன்னோக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, பின்னோக்கியும் பாருங்கள். ஃபெரெட்டுக்குப் பின்னோக்கியும் ஐந்து கியர் உண்டு. திசையை மாற்றுவது தனி லீவர்.

வண்டியைக் கொண்டுவருவது தனி ஏற்பாடு. கார் இழுக்கும் டிரெய்லர் சுமையோடு சேர்த்து 3.5 டன்தான் தாங்கும். ஃபெரெட்டின் வெறும் எடையே அதைத் தாண்டிவிடும். தட்டையான லாரியில் ஏற்றுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்கவே கூடாது: ஒரு பக்கத்து முன், பின் சக்கரங்கள் ஷாஃப்டால் பிணைந்திருப்பதால், தரையில் உருளும் சக்கரம் தூக்கிக் கட்டிய சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றும். ஓட்டுநர் உரிமத்தில், 3.5 டன்னைத் தாண்டிய வண்டிகளுக்கான சி1 வகை இருக்கிறதா என்றும் பாருங்கள். 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு அது தானாகவே இருக்கும்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டாகக் கொட்டகையில் நின்ற வண்டி. எஞ்சின் சுற்றுமா என்றே தெரியவில்லை. பேட்டரி போட்டுத் தட்டிப் பார்க்கலாமா?
– பர்மிங்ஹாம் வாசகர்

பதில்: வேண்டாம். இறுகிய எஞ்சினில் ஸ்டார்டரைத் தட்டினால் ஃப்ளைவீல் பல் உடையும்; அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிவரும். முதல் வேலை ஆறு பிளக்கையும் கழற்றுவது. இவை ரேடியோ இரைச்சலைத் தடுக்க உலோகப் பின்னல் போர்த்திய வயர்களில் திருகி இணைந்தவை. பிளக்கின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, வயர் முனை நட்டை இன்னொரு ஸ்பேனரால் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் திருகினால் பின்னல் முறுக்கி அறுந்துவிடும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி மெல்லிய எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் முனை நட்டில் நீள ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகச் சில மில்லிமீட்டர் அசையுங்கள். அசைவு வந்ததும் முழுச் சுற்றுக்கு அவசரப்படாதீர்கள். பி60-இல் இன்லெட் வால்வு தலையில் இருக்கிறது; எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில். எக்ஸாஸ்ட் வழியே ஈரம் இறங்கி அந்த வால்வுத் தண்டு கைடுக்குள் துருவால் பிடித்துக்கொள்வது இந்த எஞ்சினில் அடிக்கடி நடப்பது. பக்க மூடியைக் கழற்றி, சுற்றச் சுற்ற ஆறு எக்ஸாஸ்ட் வால்வும் மேலேறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஏறியது இறங்காமல் நின்றால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து, பித்தளைத் தண்டு வைத்து மேலிருந்து லேசாகத் தட்டுங்கள். வால்வைத் தள்ளும் டாப்பெட்டோடு சேர்த்து நெம்பினால் தண்டு வளையும். இதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தவர்களுக்கு ஒன்றிரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் பூஜ்யம் காட்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று தவறாக எண்ணி எஞ்சினையே பிரித்துவிடுவார்கள்.

அடுத்து ஆயிலும் ஃபில்டரும் புதிது. பிளக் இல்லாமலேயே ஸ்டார்டரைப் பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே பிளக் போட வேண்டும். பெட்ரோல் டேங்கை முதல் நாள் இணைக்காதீர்கள். பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டருக்குள் போய்ச் சேரும். சுத்தமான 5 லிட்டர் கேனிலிருந்து தனிக் குழாயில் ஓட்டிப் பாருங்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் குழாயையும் இளக்கும். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின் இது, ஆக்டேன் அதிகம் கேட்காது. ஆனாலும் எத்தனால் குறைவான இ5 போடுவதே நல்லது.

சூடேறி இருபது நிமிடத்தில் நின்று, ஆறினால் மறுபடி ஓடினால், நின்ற அந்த நிமிடமே பிளக்கில் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் முதலில் கண்டென்சர், அடுத்து காயில். பொறி இருந்து கார்புரேட்டர் வறண்டிருந்தால், குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்திருக்கிறது.

கேள்வி: கியர் மாற்றும்போது பெடல் திடீரென்று காலை உதைத்துத் தள்ளி மேலே வந்துவிட்டது. இப்போது மிதித்தால் இறங்கவில்லை. என்ன உடைந்தது?
– குரோய்டன் வாசகர்

பதில்: பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. அது கிளட்ச் பெடல் அல்ல. கிளட்ச் பெடலாக நினைத்து மிதிப்பதால்தான் இப்படி ஆகிறது. வில்சன் வகை ப்ரீசெலக்டர் கியர்பாக்ஸில், டாப் கியரைத் தவிர ஒவ்வொரு கியருக்கும் ஒரு டிரம், அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ஒரு பேண்ட். லீவரால் கியரைத் தேர்ந்து வைப்பது முதல் வேலை. அப்போது எதுவும் நடக்காது. பெடலைத் தரை வரை மிதிக்கும்போது பழைய பேண்ட் விடுபடும். காலை எடுக்கும்போது பலமான ஸ்பிரிங் புதிய பேண்டை இறுக்கும். பாதி மிதித்து விட்டால் புதிய கியரின் முட்டுக்கட்டை தன் இடத்தில் உட்காராது. ஸ்பிரிங்குக்குத் தாங்க எதுவும் இல்லாமல், முழு விசையும் பெடல் வழியே உங்கள் காலுக்கு வரும். முழங்காலுக்குக் காயம் ஏற்படுத்தும் அளவு விசை அது.

எஞ்சினை நிறுத்தி, லீவரை நியூட்ரலில் வைத்து, முதுகை இருக்கையில் நன்றாக ஊன்றி, இரண்டு காலாலும் தரை வரை அழுத்துங்கள். பழைய இடத்தில் பிடித்ததும், எஞ்சின் ஓடாமலே ஒவ்வொரு கியரிலும் லீவரை வைத்து 20 முதல் 30 தடவை முழுசாக மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முழு மிதிக்கும் பேண்டின் தானியங்கி அட்ஜஸ்டர் தேய்மானத்தை ஈடுசெய்யும். கடைசியில் எல்லாக் கியரிலும் பெடல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு கியரில் மட்டும் வேறு உயரம் என்றால் அந்தப் பேண்டோ அட்ஜஸ்டரோ பழுது. மறுபடி மறுபடி உதைத்தால் பெடலின் இணைப்புத் தண்டு அளவு தப்பியிருக்கிறது.

ஓட்டும்போது பெடல்மேல் கால் வைத்தபடி போனால் பேண்ட் வழுக்கிக் கருகும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் ஃப்ளைவீல் எண்ணெய் கொதித்து சீல் போய்விடும், ஹேண்ட்பிரேக் போடுங்கள். கியர்பாக்ஸில் ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில் ஊற்றவே கூடாது.

கேள்வி: முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டேன். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் பெவல் பெட்டிகள் கை வைக்க முடியாமல் சுடுகின்றன. ஸ்டீயரிங்கும் கனக்கிறது.
– மில்டன் கீன்ஸ் வாசகர்

பதில்: அந்தப் புது டயர்தான் காரணம். உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஃபெரெட்டைக் காப்பாற்றுவதற்குப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுவே.

இந்த வண்டியில் ஒரே ஒரு டிஃபரென்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு), நடுவில். அது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மட்டும் பிரிக்கிறது. ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஷாஃப்டாலும் பெவல் பெட்டியாலும் இறுகப் பிணைந்தவை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். முன் டயர் சுற்றளவு பின் டயரைவிட ஒரு சதவீதம் அதிகம் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டரில் 10 மீட்டர் வித்தியாசம். மண்ணிலும் புல்லிலும் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. அந்த முறுக்கு முழுதும் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறி நிற்கும். பெட்டி சுடுவது அதனால்தான். டயர் சரியாக இருந்தாலும், தார் ரோட்டில் இறுக்கமாகத் திரும்பித் திரும்பி ஓட்டினால் இதேதான் நடக்கும், ஏனென்றால் திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட வழியில் போகிறது.

ஏறிய முறுக்கை இறக்க வண்டியைப் புல்தரைக்குக் கொண்டுபோய் எட்டு போடுங்கள். புல்தரை இல்லாத இடத்தில், ஒரு பக்கத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக 10 சென்டிமீட்டர் உயர மரக்கட்டைமேல் ஏற்றி இறக்குங்கள். சக்கரத்தில் பாரம் குறையும் நொடியில் டயர் வழுக்கி முறுக்கு விடுபடும். அடுத்து மறுபக்கம். முறுக்கு ஏறிய வண்டிக்கு ஜாக்கி போடாதீர்கள்; தரையை விட்டதும் சக்கரம் தானாக வெட்டிச் சுற்றும்.

அடுத்து டயர். நான்கையும் ஒரே காற்றழுத்தத்தில் வைத்து, நடுப்பட்டையைச் சுற்றி டேப் பிடித்து அளவை எழுதுங்கள். பெரிய இரண்டும் ஒரு பக்கம், சிறிய இரண்டும் மறுபக்கம். பக்கத்துக்குப் பக்கம் வரும் வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்ளும். காரில் முன்னிரண்டு, பின்னிரண்டு என்று ஜோடி சேர்த்துப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். புதிது வாங்கினால் நான்கும் ஒரே நாளில், ஒரே தயாரிப்பு.

பிறகும் சூடு இருந்தால் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு பெட்டியையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்து முன்னும் பின்னும் சேர்ந்து சுட்டால் அந்தப் பக்கத்து டயர். ஒரே ஒரு பெட்டி மற்றவற்றைவிட 20 டிகிரி கூடுதல் என்றால் அந்தப் பெட்டியின் எண்ணெய் அளவு அல்லது பேரிங்.

கழற்றும்போது எச்சரிக்கை: சக்கரம் இரண்டு பாதியாகச் சேர்த்து முடுக்கியது. சிவப்பு பூசிய நட்டுகள் அந்தப் பாதிகளைப் பிடித்திருப்பவை. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்ற அவற்றைத் தொடவே கூடாது. டயரைப் பிரிக்கும்போதும், வால்வு ஊசியை எடுத்து, துளையில் கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்த பிறகே தொடலாம். காற்றோடு அவிழ்த்தால் பாதிச் சக்கரம் ஆளைக் கொல்லும் வேகத்தில் பறக்கும்.

கேள்வி: பிரேக் ஆயில் எது என்று தெரியாமல் வாங்கினேன். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். கரைந்தால் கிளைக்கால் வகை. மிதந்தால் மினரல் அல்லது சிலிக்கோன். ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. தப்பானதை ஊற்றினால் ரப்பர் கப் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைக் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள். டிரம்முக்குள் ஹப் எண்ணெய் ஒழுகியிருந்தால் லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் பயன் இல்லை. சூடானதும் உள்ளிருந்து எண்ணெய் கசியும். பழைய லைனிங்கிலும் கியர்பாக்ஸ் பேண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசி தட்டாமல், ஈரத்துணியால் துடைத்து, நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகமூடி போட்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: என்ன நிறம் அடிப்பது? கோபுரத்தில் நிஜத் துப்பாக்கி வைக்கலாமா?
– லெஸ்டர் வாசகர்

பதில்: 1950-களின் வண்டிக்குப் பளபளப்பான டீப் பிரோன்ஸ் கிரீன் (அடர் வெண்கலப் பச்சை), பிரிட்டிஷ் நிறத் தரப்பட்டியலான பிஎஸ் 381சி-யில் எண் 224. பாலைவனத்தில் பணி செய்த வண்டிக்கு லைட் ஸ்டோன், எண் 361. ஊகிப்பதைவிட, ஓரிடத்தில் ஈர உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். பூசிய அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். இரண்டு எண், இரண்டு எழுத்து, இரண்டு எண் கொண்ட ராணுவப் பதிவெண்ணும் அடியில் கிடைக்கலாம். அது இந்த வண்டியின் வரலாற்றுக்கே திறவுகோல், எனவே மொத்தமாக மணல் அடித்துச் சுரண்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். மணல் அடிக்கும்போது பெவல் பெட்டி, ஹப் ஆகியவற்றின் காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். பக்கவாட்டுப் பெட்டிகளும் மட்கார்டும் மெல்லிய தகடு, அழுத்தத்தில் நெளிந்துவிடும். கவசத் தகட்டில் சாதாரண ராடால் வெல்டிங் வைத்தால் ஓரம் விரிசல் விடும். அதைக் கவச எஃகு அறிந்த வெல்டரிடமே கொடுங்கள்.

இயந்திரத் துப்பாக்கி 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி தடை. செயலிழக்கச் செய்து சான்றிதழ் பெற்றதை வைக்கலாம். குழாயில் செய்த மாதிரியே போதும், சான்றிதழ் தொல்லையும் இல்லை.

கேள்வி: 24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோ போடலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. தொடராக இணைந்த இரண்டில் ஒன்று மட்டும் வடிந்தால், சார்ஜ் ஆகும்போது நிறைந்தது கொதிக்கும், வடிந்தது நிறையாமலே கிடக்கும். ஓரிரு மாதத்தில் இரண்டுமே போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை முழு ஜோடியின் குறுக்கே போடுங்கள். அதற்கு முன்னால் ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள்.