சும்மாதான் சொன்னோம்

வணக்கம் அக்கா. மகள் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள். இந்தத் தீபாவளிக்கு ஒரு படத்தில்கூட நிற்கவில்லை. இந்த வெயிலிலும் வீட்டுக்குள் சுவெட்டரைக் கழற்றுவதில்லை. நாங்கள் அவளை ஒன்றும் சொல்வதில்லை, சும்மா கேலி செய்வோம், அவ்வளவுதான். எல்லாம் இன்ஸ்டாகிராம் செய்கிற வேலை என்கிறார் கணவர். போனைப் பிடுங்கி வைக்கலாமா? ஜிம்மில் சேர்த்தால் சரியாகுமா?

ஒரு அம்மா, செந்தூல்

அன்புள்ள தங்கைக்கு,

ஜிம்மைப் பற்றி எனக்குத் தெரியாது, அவளே கேட்டால் சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. இன்ஸ்டாகிராம் கம்பெனியே உள்ளுக்குள் எடுத்து வைத்திருந்த கணக்கு 2021-இல் வெளியே வந்தது: உடம்பை நினைத்து நொந்துபோன பெண் பிள்ளைகளில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் பார்த்தால் இன்னும் மோசமாகிறது என்றார்களாம். சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறாளா, மாதவிலக்கு நின்றிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்தச் 'சும்மா'.

பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. அங்குள்ள பூர்வகுடிகள் அதுவரை பெண் இளைத்தால்தான் கவலைப்பட்டார்கள். மூன்றே வருடத்தில், பள்ளிக்கூடப் பெண்களில் நூற்றுக்குப் பதினோரு பேர் எடை குறைய வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள், முன்பு ஒருத்திகூட அப்படிச் சொன்னதில்லை. ஆன் பெக்கர் என்ற மருத்துவர் கேட்டு எழுதியது. அங்கே கெடுப்பதற்கு டிவி வர வேண்டியிருந்தது. நம் வீடுகளில் டிவிக்கு வேலையே மிச்சமில்லை, அத்தையும் சித்தியும் முன்பே முடித்துவைத்துவிட்டார்கள். 'பசியாறிட்டியா' என்று கேட்ட அதே வாய்தான், தட்டைக் கையில் கொடுத்த அடுத்த நிமிடம் 'என்னடி இப்படி ஊதிட்டே' என்கிறது. ஒல்லியாக இருந்தால் மட்டும் விடுவார்களா, 'காத்தடிச்சா பறந்துடுவே'. உங்கள் வீட்டிலும் இதே வசனம்தானே? கேட்டால் சும்மா.

நான் பினாங்கில் வளர்ந்தவள். தீபாவளிக்கு முன்னால் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு தையல் கடைக்கு அம்மா எங்களைக் கூட்டிப் போவார். டைலர் டேப்பைச் சுற்றி அளவைச் சத்தமாகச் சொல்வார், மூலையில் இருக்கும் பையன் நோட்டில் எழுதுவான். அக்காவுக்குப் பதினாலு வயது. இடுப்பளவைச் சொன்னவர் டேப்பை இறக்காமலே, "துணி பத்தாதும்மா" என்றார். அம்மா சிரித்தார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தப் பையனும். அக்கா மட்டும் டேப்பின் நுனியில் இருந்த தகரத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருடத்திலிருந்து அவள் அளவு கொடுக்கவில்லை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் ஒன்றுதான், தொளதொளவென்று, எல்லாத் தீபாவளிக்கும். 'இவளுக்கு மலாய்க்காரி நினைப்பு' என்று அதற்கும் ஒரு கேலி. அம்மாவிடம் பல வருடம் கழித்துக் கேட்டேன். "அப்படியா நடந்துச்சு?" என்றார், நிஜமாகவே ஞாபகம் இல்லை. அக்காவுக்கு அந்த நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதும் நான் மட்டும் யோக்கியமா? போன வருடம் திறந்த இல்ல உபசரிப்புக்கு அக்கா வந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். "என்னக்கா இப்படி அழகாயிட்டே!" என்று வாசலிலேயே கத்தினேன், வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை, எல்லாப் படத்திலும் நடுவில் நின்றாள். இரண்டு மாதம் கழித்து மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது, இளைத்தது சர்க்கரையால். தாகமும் களைப்பும் முன்பே இருந்ததாம். ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திட்டினேன்.

"மருந்து குடுத்தா மறுபடி குண்டாயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.