வேலி இல்லாத கூடாரத்தில் தங்கலாமா?

கேள்வி: வரும் ஆகஸ்டில் நானும் கணவரும் கென்யா போகிறோம். அவருக்கு 62 வயது. டிராவல்ஸ்காரர் 7 நாளில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா என்று நான்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாராவில் ஒரே ஓர் இரவு, அதுவும் வேலி இல்லாத கூடாரத்தில். சிங்கம் உலவும் இடத்தில் துணிக் கூடாரமா என்று பயமாக இருக்கிறது. நாங்கள் சைவம் வேறு. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கூடாரம் இருக்கட்டும் சகோதரி. அந்த 'ஒரே ஓர் இரவு'தான் எனக்கு உறுத்துகிறது.

7 நாளில் நான்கு இடம் என்றால் பாதிப் பகல் வேன் சீட்டிலேயே போய்விடும். நகுருவிலிருந்து மாராவுக்கு மட்டுமே ஐந்தாறு மணி நேரம். விலங்குகள் நடமாடுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான். உச்சி வெயிலில் சிங்கம் புதர் நிழலில் படுத்துவிடும். ஆகஸ்டில் பக்கத்து நாடான டான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்கிற, மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டங்கள் மாராவுக்கு வந்திருக்கும். ஆனால் அவை மாரா ஆற்றைக் கடக்கும் நேரத்தை யாரும் சொல்ல முடியாது. மணிக்கணக்கில் கரையில் நின்றுவிட்டு, முன்னால் நிற்பது மிரண்டால் மொத்தமும் திரும்பிவிடும். அதற்குக் காத்திருக்க நாள் வேண்டும். நைவாஷாவையும் நகுருவையும் அடித்துவிடச் சொல்லுங்கள். அம்போசெலியில் இரண்டு இரவு, மாராவில் நான்கு. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறிய விமானம் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலும் தலைக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும்.

இனி கூடாரம். பெயர்தான் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, ஒட்டினாற்போல் குளியலறை எல்லாம் இருக்கும். இருட்டிய பிறகு தனியாக வெளியே வரக் கூடாது. அங்கே 'அஸ்கரி' என்று அழைக்கிற காவலர் டார்ச்சோடு வந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து விடுவார். என் முதல் இரவில் தலைமாட்டுக்குப் பக்கத்தில், துணிக்கு அந்தப் பக்கம், புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிய்க்கிற சத்தம் கேட்டது. படுக்கைக்குள் வைத்திருந்த வெந்நீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் கிடந்தேன். காலையில் அஸ்கரி தடத்தைக் காட்டினார்: நீர்யானை. இந்தப் புல்லுக்காகத் தினமும் வருகிறதாம். அடுத்த இரவு அந்தச் சத்தத்துக்காகவே விழித்திருந்தேன். ஜிப்பை முழுதாக மூடுங்கள், தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள், சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காதீர்கள். போதும்.

நான்கு இரவில் இரண்டையாவது மாரா வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மொடொரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில் ஒன்றில் வையுங்கள். அவை அந்த ஊர் மசாய் இனக் குடும்பங்களின் சொந்த நிலம். நீங்கள் தங்குவதிலிருந்து அவர்களுக்குக் குத்தகைப் பணம் போகிறது. காட்டை வேலி போட்டுத் துண்டாடாமல் விட்டிருப்பதற்கு அதுவே காரணம். வண்டிகளும் குறைவு. காப்பகத்துக்குள் இல்லாத இரவு சஃபாரி இங்கே உண்டு. காப்பகத்துக்குள் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். பேக்கேஜில் அது சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மனம் கேட்காமல் சொல்கிறேன். குட்டிகளோடு வேட்டைக்குப் பதுங்கிய ஒரு சிவிங்கிப்புலியை எங்கள் வண்டியோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து வண்டிகள் வளைத்துக்கொண்டோம். "இன்னும் கொஞ்சம் கிட்டே" என்று டிரைவரிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. மான் ஓடிவிட்டது, சிவிங்கிப்புலி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு போனது. தள்ளியே நிறுத்தி இன்ஜினை அணைக்கும்படி உங்கள் டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிப்ஸ் குறையுமோ என்று பயந்துதான் பலரும் கிட்டே போகிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை இந்த மாதமே கவனியுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவை; கணவருடைய டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். இந்தியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக வாழும் நாடு. சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான் பெயர். புக் செய்யும்போதே சைவம், முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பருப்புப்பொடி கொண்டுபோனால் டப்பாவில் போட்டுத் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்கு அங்கே 2017-லிருந்து தடை.