என்கோடிங் மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு?

கேள்வி: வீடியோவ கம்ப்ரெஸ் பண்ண அவ்ளோ நேரம் ஆகுது, ஆனா ப்ளே பண்ணா டக்குனு ஓடுதே, ஏன் சார்?

பதில்: தேடுற வேலை பூரா என்கோடர் (வீடியோவ சுருக்குற பகுதி) தலையிலதாங்க. ஃப்ரேம 16க்கு 16 பிக்சல் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டமும் முந்தின ஃப்ரேம்ல எங்க இருந்துச்சுன்னு தேடணும், சுத்தி 7 பிக்சல் வரைக்கும் ஒரு எடம் விடாம பாத்தா ஒரு கட்டத்துக்கே 225 தடவ ஒப்பிடணும். த்ரீ ஸ்டெப் சர்ச்ங்கிற குறுக்கு வழின்னா மொதல்ல 4 பிக்சல் தள்ளித் தள்ளி பாத்து, நல்லா பொருந்துற எடத்த சுத்தி 2, அப்புறம் 1னு நெருங்கி 25 தடவையில முடிச்சுரும், ஆனா சில சமயம் தப்பான எடத்துல போய் மாட்டிக்கும் (அப்பவும் படம் பெருசா கெடாது, மிச்ச வித்தியாசத்தையும் சேத்து அனுப்புறதால ஃபைல் சைஸ்தான் ஏறும்). டீகோடருக்கு (ப்ளே பண்றப்ப வீடியோவ விரிக்கிற பகுதி) இந்தத் தொல்லையே இல்ல, மோஷன் வெக்டர் (கட்டம் எவ்ளோ தள்ளி இருந்துச்சுன்னு என்கோடர் குறிச்சு அனுப்புறது) காட்டுற எடத்துலேர்ந்து காப்பி பண்ணி வித்தியாசத்த கூட்டிட்டா போதும். லைவ் இல்லாத வீடியோன்னா என்கோடர்ல ஸ்லோ ப்ரீசெட்டே (பொறுமையா நல்லா தேடுற செட்டிங்) போடுங்க.