செஸ்னா ஏன் இடப்பக்கம் ஓடுகிறது? வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறவர்கள் நம் வாசகர்களில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வந்த கடிதங்களில் பாதி ஒரே புகாரைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன: ஒரு விமானம் நன்றாக வருகிறது, இன்னொன்றில் ஏறினால் ஒன்றுமே வரவில்லை. அதிலிருந்தே தொடங்கலாம்.

கே: நான்கு மாதமாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 மட்டும்தான் ஓட்டுகிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பல முறை போய்விட்டேன். போன வாரம் சும்மா செஸ்னா 172 என்ற குட்டி ஒற்றை எஞ்சின் விமானத்தை எடுத்தேன். த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தள்ளியதும் இடப்பக்கப் புல்லுக்குள் போகிறது. எப்படியோ மேலே ஏறினாலும் ஒரு நிமிடம் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்கிறது. ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டதா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ப: ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற வேண்டாம் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. ஏ320 இத்தனை நாளும் உங்களுக்குச் சொல்லாமலே இரண்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது, செஸ்னா பார்க்காது.

முதல் வேலை, நேராக ஓடுவது. செஸ்னாவின் மூக்கில் இருக்கும் விசிறி, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. அது பின்னால் தள்ளும் காற்று விமானத்தின் உடம்பைச் சுற்றிச் சுருளாகப் போய், நிமிர்ந்து நிற்கும் வால் இறகை இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம்தானே போகும்? மூக்கைத் தூக்கி ஏறும்போது விசிறியில் வலப்பக்கமாக இறங்கும் இலை அதிகமாக இழுப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஜெட் எஞ்சின் வைத்த ஏ320இல் இந்த வம்பே இல்லை. அதனால் உங்கள் வலது கால் நான்கு மாதமாகத் தூங்கிவிட்டது. த்ராட்டிலைத் தள்ளத் தொடங்கும்போதே, மூக்கை வலப்பக்கம் திருப்பும் வலது பெடலைக் கொஞ்சம் அழுத்துங்கள், பெடல் இல்லையென்றால் ஜாய்ஸ்டிக் கைப்பிடியை வலப்பக்கம் முறுக்குங்கள். புல்லுக்குள் போன பிறகு முறுக்கிப் பயனில்லை.

இரண்டாவது வேலை, டிரிம், அதாவது கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கு ஒரே நிலையில் நிற்கும்படி சரிசெய்து வைப்பது. ஏ320இல் மூக்கை ஓர் இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் கணினி அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும், டிரிம் தானாகவே நடக்கும். செஸ்னாவில் கையை எடுத்தால் அது எந்த வேகத்துக்கு டிரிம் செய்யப்பட்டிருக்கிறதோ அந்த வேகத்தைத் தேடி மூக்கை ஏற்றும், இறக்கும். ஆகவே ஜாய்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். மூக்கை வேண்டிய இடத்தில் பிடியுங்கள், எஞ்சின் சுற்றை வையுங்கள், வேகம் நிலைக்கட்டும், அப்புறம் கையில் அழுத்தம் தெரியாத வரை டிரிம் சக்கரத்தைத் திருப்புங்கள். கையை முழுதாக எடுத்தும் அரை நிமிடம் அதே உயரத்தில் நின்றால் பாதி வித்தை வந்துவிட்டது. 55 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்குங்கள், 74 நாட்டில் ஏறுங்கள், நிமிடத்துக்கு 2300 எஞ்சின் சுற்றில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் 100 நாட்டையொட்டி நிற்கும். இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் எந்த விமானத்துக்கு மாறினாலும் முதலில் செய்வது அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான். எண்ணை மாற்றுவது சுலபம், கைப்பழக்கத்தை மாற்றத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

கே: தொடங்குவதற்கு எவ்வளவு செலவாகும்? என் லேப்டாப் பழையது.
(வாசகி, ஈரோடு)

ப: மென்பொருளுக்கு ஒரு பைசாவும் வேண்டாம். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம். படம் பளபளப்பாக இருக்காது, ஆனால் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். காசு செலவழிப்பதாக இருந்தால் கைப்பிடி முறுக்கும் ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். விசைப்பலகையில் விமானம் ஓட்டுவது சுத்தியலால் கோலம் போடுவது மாதிரி.

கே: செஸ்னாவில் அழகாக இறங்குகிறேன். போயிங் 737இல் அதே மாதிரி செய்தால் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போய்ப் பாதி தூரம் தாண்டித்தான் தரையைத் தொடுகிறது.
(வங்கி ஊழியர், மதுரை)

ப: "அதே மாதிரி" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. செஸ்னாவில் 65 நாட் வேகத்தில் வந்து, தரைக்குச் சற்று மேலே த்ராட்டிலை மூடி, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, இதோ விழுகிறேன் என்று எச்சரிக்கை ஒலி கேட்கும் வரை விமானத்தை இறங்கவிடாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டீர்கள். அதற்கு அதுதான் சரி. 737இல் அப்படிப் பிடித்தால் ஓடுபாதை தீர்ந்துபோகும், வாலும் தரையில் உரசலாம். தரையிலிருந்து 20, 30 அடி இருக்கும்போது மூக்கை இரண்டு மூன்று டிகிரி மட்டும் உயர்த்தி, த்ராட்டிலை இழுத்துவிட்டு, சக்கரத்தைக் கொண்டுபோய் வையுங்கள். பூப்போல இறக்க வேண்டும் என்ற ஆசையே வேண்டாம்.

இறங்கும் வேகத்துக்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. தரையை வைத்துப் பார்த்தால் விமானத்தின் வேகம் எத்தனை நாட் என்று பார்த்து, அதை ஐந்தால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு அத்தனை அடி இறங்கினால் வழக்கமான 3 டிகிரி சரிவு கிடைக்கும். செஸ்னாவின் 65க்கு 325, ஜெட்டின் 140க்கு 700. இரட்டிப்புக்கு மேல் வேகமாகத் தரை ஏறி வரும்போது செஸ்னாக்காரர் பயந்து மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிடுவார். நானும் பல மாதம் அப்படித்தான் மிதந்தேன்.

இன்னொன்று. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். அங்கே மிதந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம், அதனால் தப்பு தெரியாது. இரண்டு விசிறி வைத்த பயணிகள் விமானமான ஏடிஆர் 72ஐ எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போங்கள், ஓடுபாதை ஏறக்குறைய அதில் பாதிதான். அங்கே வேறொரு பாடமும் உண்டு: ஏடிஆரில் த்ராட்டிலை முழுதாக இழுத்தால் இரண்டு விசிறியும் தட்டு மாதிரி காற்றை மறித்து வேகத்தை மடமடவென்று இறக்கிவிடும். ஜெட் பழக்கத்தில் 30 அடியில் இழுத்தீர்களானால் தொப்பென்றுதான் விழும்.

ஏ320காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பறக்கும் நேரம் முழுக்க அதன் த்ராட்டில் ஒரே பள்ளத்தில் அசையாமல் கிடக்கும், வேகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். கடைசியில் அதைக் கையால் பூஜ்யத்துக்கு இழுக்க வேண்டும் என்பதே மறந்துபோகும். 20 அடியில் "ரிடார்ட்" (பின்னால் இழு) என்று குரல் கத்துவது அதற்குத்தான்.

கே: செஸ்னாவுக்கு அடுத்து என்ன?
(பள்ளி மாணவி, தஞ்சாவூர்)

ப: எல்லோரும் ஜெட் என்பார்கள், நான் பைப்பர் கப் என்ற குட்டி விமானம் என்பேன். 65 குதிரைசக்தி, முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் தரையில் ஓடும்போது வால் எப்போதும் முன்னால் வரத்தான் பார்க்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பின்முன்னாகத் திருப்பிப் பிடித்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள், அது சட்டென்று சுழன்றுகொள்ளும். அதே கதைதான். கால் ஒரு நொடி சும்மா இருந்தால் முழு வட்டம் அடித்து நிற்பீர்கள். பத்து நாளில் உங்கள் கால்கள் விழித்துக்கொள்ளும்.

கே: ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்தவே முடியவில்லை.
(கடை உரிமையாளர், நாகர்கோவில்)

ப: முதல் வாரம் யாராலும் முடியாது. கையை நகர்த்தாதீர்கள், நகர்த்த நினைத்தாலே போதும் என்கிற அளவுக்குச் சின்ன அசைவுகள்தான் வேண்டும். கண்ணைத் தரையில் வைக்காமல் தூரத்து மரத்தில் வையுங்கள். சிமுலேட்டரில் இருக்கும் பெல் 407ஐயும் கப்ரி ஜி2ஐயும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். ஒன்றின் மேல்விசிறி இடஞ்சுழி, மற்றது வலஞ்சுழி. பெல்லில் மேலே எழும்பும்போது இடது பெடல், கப்ரியில் வலது பெடல். ஒன்றில் பழகிய கால் மற்றதில் உங்களை ராட்டினம் சுற்ற வைக்கும்.

கே: பதினாறு வயது மகன் நாள் முழுக்க இதிலேயே இருக்கிறான். "பைலட் ஆகத்தான்" என்கிறான். இந்த மணிநேரங்கள் கணக்கில் சேருமா?
(ஒரு தந்தை, கோவை)

ப: சேராது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், வீட்டுச் சிமுலேட்டரில் ஓட்டிய ஒரு மணி நேரம்கூட அதில் வராது. மாணவர் உரிமத்துக்குக் குறைந்தது 16 வயது, வணிக உரிமத்துக்கு 18. பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், அதில் தேறாமல் போனால் மற்ற செலவெல்லாம் வீண்.

ஆனால் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல் தன் அப்பாவின் இசைக்கருவித் தொழிற்சாலையில், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே ஆடி அசையும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். முதலில் அதைப் பொருட்காட்சி விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். 1934இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது, வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுவதற்காக. வீட்டுச் சிமுலேட்டரும் அதைத்தான் நன்றாகச் சொல்லித்தரும், சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாகச் செய்யும் ஒழுங்கையும் தரும். உடம்பில் உணரும் இழுப்பையும் தூக்கலையும் தராது. இப்படிப் பழகிய பிள்ளைகள் நிஜ விமானத்தில் ஏறியதும் வெளியே பார்க்காமல் கருவிப் பலகையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது பயிற்சியாளர்களின் பழைய புலம்பல். மகனின் திரையில் கருவிகள் இருக்கும் பகுதியை ஒரு காலண்டர் அட்டையால் மறைத்துவிட்டு, அடிவானத்தை மட்டும் பார்த்து ஒரு வட்டம் அடித்து இறங்கச் சொல்லுங்கள். முதல் நாள் உங்களோடு சண்டைக்கு வருவான்.